குகைப் பாடத்துக்கு முன் ஒரு பாவைக்கூத்து

குமரி மாவட்டக் கல்லூரிகளில் தத்துவமும் தமிழும் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோவின் குகை உவமையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். கரும்பலகையில் ஒரு குகை, ஒரு தீ, சங்கிலியில் நாலு பேர். எதிர்ச்சுவரில் விழும் நிழலையே நிஜம் என்று நம்பும் கைதிகள் அவர்கள்; ஒருவன் மட்டும் விடுபட்டு, வெளியே போய் வெளிச்சத்தைப் பார்க்கிறான். எழுதினேன், மதிப்பெண் வந்தது, மறந்தும் போனது.

பல வருடம் கழித்துத்தான் ‘குடியரசு’ நூலின் ஏழாம் பகுதியை நிதானமாகப் படித்தேன். கைதிகளுக்கும் தீக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர். அதன் மேலாக ஆட்கள் தூக்கிப் போகும் உருவங்களின் நிழலைத்தான் கைதிகள் பார்க்கிறார்கள். அந்தச் சுவரை விளக்க பிளேட்டோ எதைச் சொல்கிறார் தெரியுமா? பாவைக்கூத்துக்காரர்கள் தங்களுக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் தடுப்பை! நாடகக் கவிஞர்களை ஊருக்குள் விடாதே என்று அதே நூலில் வாதாடுகிறவர், முக்கியமான இடத்தில் கூத்துக்காரரிடம்தான் கடன் வாங்குகிறார். (முக்கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரும் நாணமில்லாதவரைச் சொல்ல மரப்பாவையைத்தான் எடுத்தார், குறள் 1020.)

நம் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து இருக்கிறது. வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள் தமிழில் ராமாயணம் ஆடுகின்றன. ஆட்டுத்தோல் பாவை, வெள்ளைத் துணி, பின்னால் விளக்கு. ராமனுக்கும் ராவணனுக்கும் ஒரே ஆளின் தொண்டை.

சின்ன வயதில் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறேன். பிளேட்டோ கணக்குப்படி அன்றைக்கே எனக்கு விடுதலை. வெளிச்சம் கண்டு குகைக்குத் திரும்புகிறவனை உள்ளே இருப்பவர்கள் கேலி செய்வார்கள் என்கிறார் அவர். நானோ திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்து, கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன். சீதைக்கு அழவும் செய்தேன். வெறும் தோல் என்று தெரிந்த பிறகும்தான். இதற்கு பிளேட்டோவிடம் பதில் கிடைக்கவில்லை. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார்: நேரில் பார்க்கக் கூசுவதைக்கூடப் படமாக ரசிக்கிறோம், ‘இது அதுதான்’ என்று கண்டுகொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது என்கிறார்.

அப்புறம், நம் பாவையின் நிழல் கறுப்பல்ல. தோலுக்குள் புகுந்து வரும் ஒளி திரையில் சிவப்பும் பச்சையுமாக விழும். குகை நிழல் ஒளியை மறைத்து உண்டாவது. இதுவோ பொருளின் வழியாகவே வரும் ஒளி. இதை வைத்தே ஒரு வகுப்பு முழுக்கச் சண்டை போடலாம்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குகைப் பாடம் வருவதற்கு முன், ஒரு கூத்துக் குழுவை இரவில் கூப்பிடுங்கள். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். பாதிப் பிள்ளைகளைத் திரைக்கு முன்னாலும் மீதிப் பேரைப் பின்னாலும் உட்கார வைத்து, இடையில் மாற்றுங்கள். கரும்பலகைப் படத்தை மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குகையில் பாஸான ஒரு பழைய மாணவன்