தோட்டத்துச் சாளைக்குத் துப்பாக்கி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே வீட்டில் மூன்று பேர், 2025இல் சிவகிரி பக்கம் வயதான கணவன் மனைவி என்று தோட்டத்துச் சாளைகளில், அதாவது ஊரைத் தள்ளித் தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் வீடுகளில், அடுத்தடுத்துக் கொலை நடந்ததில் இருந்து எங்கள் பகுதியில் நாலு பேர் கூடினால் இதே பேச்சுதான். "வயசானவங்க தனியா இருக்கிற வீட்டுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துட்டா என்னங்க?" போன வாரம் பால் சொசைட்டியில் ஒருவர் என்னிடமே கேட்டார். "நீங்க ஸ்டேஷன்ல இருந்தவங்க, கலெக்டர் ஆபீஸ்ல மனு எப்படிக் கொடுக்கிறதுன்னு சொல்லுங்க" என்றார். கேனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவர் பயம் எனக்கும் உண்டு. நானும் மனைவியும் இருப்பது தோட்டத்துச் சாளையில்தான். பக்கத்து வீடு முக்கால் கிலோமீட்டர். மகன் பெங்களூரில். ராத்திரி நாய் விடாமல் குரைத்தால் இரண்டு பேரும் விழித்துக்கொண்டு, லைட்டைப் போடலாமா வேண்டாமா என்று இருட்டிலேயே படுத்திருப்போம்.

நான் போலீஸ் ஸ்டேஷனில் பதினோரு வருஷம் ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்த்த போலீஸ்காரன். என் காலத்தில் தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். பெரும்பாலும் பயிர்க் காவலுக்கு வாங்கியவை. ரசீது எழுதி, அட்டையில் பேரும் லைசென்ஸ் நம்பரும் போட்டு, சணல் கயிற்றில் கட்டி அடுக்கி வைப்பது என் வேலை. ரிசல்ட் வந்த பிறகு அவரவர் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

2006 சட்டமன்றத் தேர்தல் முடிந்து அப்படித் திருப்பிக் கொடுத்த ஒன்று, ஒரு மாதத்துக்குள் மறுபடி என் மேஜைக்கு வந்தது. பங்காளிக் கிணறு. அண்ணன் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய முறை நாளில் தம்பி மோட்டாரைப் போட்டுவிட்டான். வாய்ச்சண்டை முற்றி அண்ணன் சாளைக்குள் போனவர் துப்பாக்கியோடு வந்தார். தம்பி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துபோனான். எஃப்ஐஆர் எழுதியதும் நான்தான். எழுதும்போது பார்க்கிறேன், நான் கட்டிய அட்டை துப்பாக்கியில் அப்படியே தொங்குகிறது. நீல மையில் என் கையெழுத்து. கயிற்றைக்கூட அவர் அவிழ்க்கவில்லை.

அவர் மேல் அதுவரை ஒரு கேஸ் கிடையாது. நன்னடத்தை உள்ளவர் என்று லைசென்ஸுக்கு ரிப்போர்ட் போனது எங்கள் ஸ்டேஷனில் இருந்துதான். அந்த ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

கோபம் ஏறுகிற காலத்தில் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது என்பதால்தானே தேர்தலுக்கு வாங்கி வைக்கிறோம்? வரப்புச் சண்டைக்கும் தண்ணீர்ச் சண்டைக்கும் தேதி அறிவிப்பது யார்? 1967 ஜனவரி 12 அன்று ராமாவரத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டாரே, பல படங்களில் சேர்ந்து நடித்தவர்கள் அவர்கள். இருவரும் உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆரின் பழைய குரல் திரும்பவே இல்லை.

சரி, திருடன் வந்தால்? நாய் குரைக்கிறதே என்று கதவைத் திறந்து வெளியே வருகிறவரைத்தான் மாட்டுக் கட்டுத்தறி இருட்டில் நிற்கிறவன் அடிக்கிறான். எழுபது வயதில் கண்ணாடியைத் தேடி, பீரோவைத் திறந்து, தோட்டாவைப் போட்டு வெளியே வர அவன் நேரம் கொடுப்பானா? வீட்டில் துப்பாக்கி இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கும். நகைக்கு வருகிறவன் அதையும் சேர்த்து எடுத்துப் போவான். இன்று கம்பியோடு வருகிறவன் நாளைக்குத் துப்பாக்கியோடு வருவான்.

தற்காப்பு உரிமையே நமக்கு இல்லை என்பது போலச் சிலர் பேசுகிறார்கள். அது சட்டத்தில் இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ராத்திரியில் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும், தேவைக்கு மேல் போகாத வரையில் சட்டம் நம் பக்கம் நிற்கும்.

நாம் கேட்க வேண்டியது வேறு. தனியாக இருக்கும் முதியவர்களின் சாளைகளை ஸ்டேஷன் வாரியாகக் கணக்கெடுக்கட்டும். ஒவ்வொன்றிலும் பட்டா புத்தகம் என்கிற ரோந்து நோட்டை வைத்து, ரோந்து வருகிற போலீஸ்காரர் வீட்டு வாசலில் நின்று கையெழுத்துப் போடட்டும். மெயின் ரோட்டிலேயே ஜீப் போய்த் திரும்புவது ரோந்து ஆகாது. அதற்கு ஆள் வேண்டும். என் காலத்திலேயே ஆள் பற்றாது. காலி இடங்களை நிரப்பச் சொல்லி ஊர் ஊராகக் கேட்போம். அப்புறம், தோட்டத்துத் தடங்களில் தெருவிளக்கு.

பால் சொசைட்டியில் கேட்டவருக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு நானும் உங்களோடு வருகிறேன். துப்பாக்கிக்கு இல்லை, ரோந்துக்கு. மனுவை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.