செறிவுக் கணக்கில் படிக நீர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் மாணவர் பகுதியில் கரைசலின் செறிவைக் கணக்கிடும் முறையை எளிமையாக விளக்கியிருந்தீர்கள். ஆயினும் அதில் ஒரு மோலார் கரைசலை ‘ஒரு லிட்டர் நீரில் ஒரு மோல்’ (மோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) என்று குறித்தது பொருந்தாது. மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் உள்ள மோல்களின் எண்ணிக்கை என்பதால், பொருளைக் குறைந்த நீரில் முழுதும் கரைத்த பின்னரே குடுவையின் கழுத்துக் கோடுவரை நீரூற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை, படிகத்தோடு பிணைந்துள்ள நீரான படிக நீரை மறப்பதால் நேர்கிறது. 0.1 மோலார் காப்பர் சல்பேட் கரைசல் 250 மி.லி. தயாரிக்க, நீரற்ற வெண்ணிறப் பொடியானால் 3.99 கிராம் போதும். ஆய்வகத்தில் வழக்கமாக உள்ள நீலப் படிகமானால், அதில் ஒவ்வொரு மோலுக்கும் ஐந்து மோல் நீர் சேர்ந்திருப்பதால், 6.24 கிராம் தேவை. படிகத்தையே 3.99 கிராம் எடுத்தால் செறிவு 0.064 மோலாராகக் குறைந்துவிடும். பிழை எடுத்த எடையில் இருக்க, கணக்கிடும் சூத்திரத்தைக் குறைகூறிப் பயனில்லை. இவ்விரண்டையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்