வில்லியைத் திட்டும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் கடைத் திறப்புக்கு சீரியல் வில்லி நடிகை வந்தால், செல்ஃபிக்கு முண்டியடிக்கும் கூட்டத்திலேயே 'அந்தப் பொண்ணை ஏம்மா இந்தப் பாடு படுத்துறே?' என்று ஒரு குரல் கேட்கும். அது பாசம், போகட்டும். 'நிஜத்திலும் திமிர் பிடிச்சவ' என்று அடித்துப் பேசுவதுதான் அபத்தம்.

வசனத்தாள் பல நாள் அன்று காலைதான் தளத்துக்கு வரும். கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் வரிவரியாகச் சொல்ல, நடிகை வாயசைப்பார். பல தொடர்களில் குரலும் டப்பிங் கலைஞருடையது. அந்த ஏளனச் சிரிப்பை மூன்று முறை திருப்பிப் போட்டு 'டொய்ங்' சேர்ப்பவர் எடிட்டர். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிட்டு வியாழக்கிழமை வரும் பார்க் (BARC) ரேட்டிங் ஏறினால் கொடுமைப் படலமும் நீளும். திட்டிக்கொண்டே பார்த்தாலும் ரேட்டிங்கில் அது பார்த்த கணக்குதான்!

சக நடிகரை அவமதிப்பது, தாமதமாக வருவது எல்லாம் வேறு விவகாரம். கண்ணால் கண்டவர் பேசட்டும்.

காட்சியே எல்லை மீறினால் சேனலுக்கு எழுதுங்கள். கேபிள் டிவி விதிகளில் 2021இல் வந்த திருத்தப்படி, சேனல் 24 மணி நேரத்தில் புகார் கிடைத்ததைத் தெரிவித்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தியில்லையா, அடுத்த 15 நாளுக்குள் சேனல்களின் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். தேதி, நேரம், குறிப்பிட்ட வசனம் இல்லாத வெறும் வசவுக் கடிதம் எடுபடாது.

– சின்னத்திரைத் தொழில்நுட்பக் கலைஞர்கள் சிலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.