தண்டனை பெறாதவர் பெயரில் எத்தனை காலம் பதிவேடு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொலை, அடிதடி தொடர்பான கைதுச் செய்திகளில் "சரித்திரப் பதிவேடு குற்றவாளி" என்ற அடைமொழி அநேகமாக நாள்தோறும் தமிழ் நாளிதழ்களில் இடம்பெறுகிறது. தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. படிக்கிறவர், பல வழக்குகளில் தண்டனை அனுபவித்து வெளியே வந்தவர் என்றுதான் அதைப் புரிந்துகொள்கிறார். உண்மையில், கண்காணிப்புக்காகக் காவல் நிலையம் வைத்திருக்கும் அந்தப் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறுவதற்கு எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் தேவையில்லை. வழக்கில் விடுதலையானவர், குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்யப்படாதவர், எதிர்த் தரப்போடு சமாதானமாகி வழக்கை முடித்துக்கொண்டவர் ஆகியோரின் பெயர்களும் அதில் இருக்க முடியும். ஆண்டுக்கணக்கில் இருக்கவும் செய்கின்றன. அந்தப் பதிவேடு காவல் துறையின் உள் ஆவணம், பொதுமக்கள் பார்வைக்கு உரியதன்று என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 7 அன்று அளித்த தீர்ப்பில் தெளிவாகக் கூறியிருக்கிறது. உள் ஆவணத்தில் உள்ளது செய்திக்குறிப்பு வழியாக அச்சேறுவது எப்படி என்று கேட்கும் உரிமை செய்தியாளர்களுக்கு உண்டு. எந்த வழக்கில், எந்த ஆண்டில் தண்டனை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காதபோது அந்த அடைமொழியை விட்டுவிட்டால் செய்திக்கு ஒரு குறையும் வந்துவிடாது. இதை இத்தோடு நிறுத்திக்கொண்டு, பதிவேட்டின் சட்ட நிலைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் இந்தப் பதிவேடுகள், காவல் துறைக்கான நிர்வாக விதிகளாகிய காவல் நிலையாணைகளின் கீழ், குறிப்பாக 746, 747, 748 ஆகிய எண்ணுள்ள ஆணைகளின் கீழ் பராமரிக்கப்படுகின்றன. சில வகைக் குற்றங்களில் தண்டனை பெற்றவருக்குப் பதிவேடு தானாகவே தொடங்கும். தண்டனை பெறாதவராக இருந்தாலும், குற்றத்தில் ஊறியவர் என்று காவல் துறை நம்பினால், உயர் அதிகாரியின் உத்தரவின் பேரில் அவர் பெயரிலும் தொடங்கலாம். 748-ஆவது ஆணை கால வரம்பைப் பற்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் பதிவேடு தொடர வேண்டுமானால், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் முதலில் வரும் டிசம்பர் வரைக்கும், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் நீட்டிப்பு உத்தரவு பிறப்பிக்க வேண்டும். எழுத்தளவில் இது நல்ல ஏற்பாடு. ஆண்டுக்கு ஒரு முறையாவது ஓர் அதிகாரி கோப்பைப் பிரித்துப் பார்த்து, இவரை இன்னும் கண்காணிக்க வேண்டுமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

நடப்பது வேறு. நீதிமன்றப் பணியில் இருந்த காலத்தில் இத்தகைய நீட்டிப்பு உத்தரவுகளின் நகல்களை வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை. ஆண்டு மட்டும் பேனாவால் திருத்தப்பட்டிருக்கும். சில தாள்களில் ஒரே உத்தரவில் வரிசையாகப் பத்துப் பதினைந்து பெயர்கள் இருக்கும். அவர்களில் யார் அந்த ஆண்டில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட இராது. பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரிட் மனு தாக்கல் செய்த பிறகுதான் காரணம் தேடப்படும். பல ஆண்டுகளாகப் புதிய வழக்கே இல்லாதவர்களின் பதிவேட்டை முடித்துவைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றமும் அதன் மதுரைக் கிளையும் திரும்பத் திரும்ப உத்தரவிட்டு வருகின்றன. அந்த உத்தரவு மனு போட்டவரோடு நின்றுவிடுகிறது. பக்கத்துத் தாளில் அதே நிலையில் இருப்பவர், தாமும் வழக்கறிஞரைப் பிடித்து, தாமும் மதுரைக்கு அலைந்தால்தான் உண்டு.

எங்கள் தெருவில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் பெயர், திருவிழாவில் நடந்த ஒரு கைகலப்புக்குப் பிறகு பதிவேட்டில் ஏறியது. வழக்கில் அவர் விடுதலையாகிவிட்டார். இருந்தும் தேர்தல் அறிவிப்பு வந்தால் அவருக்கு அழைப்பு வரும். நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 பிரிவுகள், இப்போது புதிய சட்டத்தில் 126, 129 பிரிவுகள், எண்கள்தாம் மாறியிருக்கின்றன. இரவு ரோந்துக்கு வருகிற காவலர் கதவைத் தட்டி, அவரை வாசல் விளக்கின் கீழ் நிறுத்திக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அந்த நேரத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மகளுக்கு வரன் பார்த்தபோது அந்தப் படம் எடுத்த கதை முதலில் போய்ச் சேர்ந்தது.

இரவில் கதவைத் தட்டுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். விடுவித்த பிறகும் போலீசார் அவர் பெயரில் பதிவேடு தொடங்கினார்கள். காவலர்களும் ஊர்க் காவலாளியும் இரவில் வந்து கூவி எழுப்புகிறார்கள், வெளியூர் போனால் எங்கே, எத்தனை நாள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்று அவர் நேராக உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என். ராஜகோபால அய்யங்கார். இரவில் வீட்டுக்கு வந்து சோதிப்பதை மட்டும் அது செல்லாது என்றது. வீட்டைக் கண்காணிப்பது, நடமாட்டத்தைக் குறித்துவைப்பது போன்ற மற்றவற்றை அனுமதித்தது. அந்தரங்கத்துக்கான உரிமை அரசியலமைப்பில் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. ஜே.சி. ஷாவுடன் சேர்ந்து மாறுபட்ட கே. சுப்பா ராவ், முழு விதியையும் செல்லாது என்றார். போலீசாரின் பார்வைக்குள்ளேயே நடமாடுவதைச் சுதந்திரமான நடமாட்டம் என்று எப்படிச் சொல்வது, அவருக்கு நாடு முழுவதுமே சிறைதான் என்று எழுதினார். ராஜகோபால அய்யங்கார், சுப்பா ராவ் இருவருமே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகளாக இருந்தவர்கள் என்பது நமக்குச் சற்று நெருக்கமான செய்தி. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கத்துக்கான உரிமையை மறுத்த அளவில் பெரும்பான்மைத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். சுப்பா ராவின் பக்கமே நியாயம் இருந்ததாக முடிந்தது.

இடைப்பட்ட தீர்ப்புகளில் 1975-இன் கோவிந்த் வழக்கை விட, மலக் சிங் வழக்கே அன்றாடம் பயன்படுகிறது. பதிவேட்டில் பெயர் ஏற்றும் முன் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை, ஆனால் நியாயமான நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்க வேண்டும், கேள்வி எழுந்தால் நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்க்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. இதன் முற்பாதி காவல் துறையின் ஒவ்வொரு பதில் மனுவிலும் வந்துவிடுகிறது. பிற்பாதி வருவதில்லை. விளக்கமும் கேட்காமல், தகவலும் தராமல், கேள்வி எழுந்தால் கோப்பைக் காட்டுகிறோம் என்றால், கேள்வி யாரிடமிருந்து எழும்?

புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு, அந்தரங்கத்தில் தலையிடும் எந்த நடவடிக்கைக்கும் முதல் நிபந்தனை, அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்பது. நிலையாணை சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று. நம்முடைய நிலையாணைகளோடு பழைய சென்னை மாகாணத்து உறவுள்ள ஆந்திரப் பிரதேசத்தின் நிலையாணைகளைப் பற்றி, அங்குள்ள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2022 ஜூலையில் இதையே கூறி, அவற்றை மட்டும் வைத்து ரவுடி பதிவேடு தொடங்கவோ தொடரவோ முடியாது என்றார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் வீட்டுக் கதவைத் தட்ட போலீசாருக்கு உரிமையில்லை என்று 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் கூறி, கதவைத் திறக்க மறுத்தவர் மீது போடப்பட்ட வழக்கையே ரத்து செய்தது.

நான் முதலில் குறிப்பிட்ட 2024 தீர்ப்பு, டெல்லி சட்டமன்ற உறுப்பினர் அமானத்துல்லா கான் தொடுத்த வழக்கில் வந்தது. அவருடைய பதிவேட்டில் மனைவி, சிறு வயதுப் பிள்ளைகள் பற்றிய விவரங்கள் வரை எழுதப்பட்டிருந்தன. நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு, தகுந்த ஆதாரம் இல்லாமல் சிறார் விவரங்களை எழுதக் கூடாது என்றும், இணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவேடுகளைக் காலமுறையில் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் டெல்லி காவல் துறைக்கு உத்தரவிட்டதோடு நிற்கவில்லை. தாமாகவே முன்வந்து, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகளின் பெயர்கள் சாதியை வைத்தே இத்தகைய பதிவேடுகளில் ஏறுவதைச் சுட்டிக்காட்டி, எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளை ஆறு மாதங்களுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில், முன்பு குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களான சீர்மரபினர் தன்னிச்சையாகக் கைது செய்யப்படாமலிருக்க இந்த வழிகாட்டுதலைக் கடைப்பிடிக்குமாறு போலீசாருக்கு உத்தரவிடப்பட்டது.

சீர்மரபினர் என்றதும் உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ரேகைச் சட்டம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ், ஒரு குற்றமும் செய்யாத ஆண்களின் கைரேகைகள் பிறப்பை மட்டுமே காரணமாக வைத்துப் பதிவாயின. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. இன்றைய பதிவேடு அதற்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. இது தனிநபர் மீதான சந்தேகத்தில் தொடங்குகிறது, அது ஒரு சமூகத்தின் மீதே விழுந்தது. ஆனால் தீர்ப்பில்லாமல் தொடங்கி, முடிவு குறிப்பிடப்படாமல் நீளுவதில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

காவல் துறையின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. சாட்சிகள் பிறழ்சாட்சிகளாக மாறுவதால் விடுதலையாகும் கூலிப்படையினர் இருக்கிறார்கள். பழிக்குப் பழி என்று நீளும் கொலைகளைத் தடுக்க, யார் யாரோடு சேர்ந்து திரிகிறார் என்ற தகவல் நிலையத்தில் இருந்தே ஆக வேண்டும். விடுதலை ஒன்றே ஒருவரை நிரபராதியாக்கிவிடாது என்ற வாதத்தையும் ஏற்கலாம். அப்படியானால் அந்தத் தகவலை எழுதுங்கள்: இன்ன நாள், இன்ன சம்பவம், இன்ன தொடர்பு என்று. அந்த விவரம் இருக்கும் கோப்பை நீதிமன்றங்கள் எளிதில் தள்ளுவதில்லை.

இன்னொரு முரணும் உண்டு. கைதானவர்களின் ரேகை, விழித்திரைப் பதிவு போன்றவற்றைச் சேகரிக்க வகைசெய்யும் 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. அதை எதிர்த்து வழக்கும் போடப்பட்டிருக்கிறது. அவ்வளவு கடுமையான அந்தச் சட்டம்கூட, முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடுகள் எல்லாம் முடிந்து விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாத வரை பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்கிறது. கைரேகைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, அதே மனிதரின் பெயரில் நிலையத்தில் இருக்கும் சரித்திரப் பதிவேட்டுக்கு இல்லை.

ஆகவே தமிழ்நாடு அரசு, உச்ச நீதிமன்றம் கோரிய மறுபரிசீலனையில் என்ன முடிவெடுத்தது என்பதை வெளியிட வேண்டும். நிலையாணைக்குப் பதிலாகச் சட்டமன்றத்தில் விவாதித்து ஒரு சட்டம் வர வேண்டும். பதிவேடு தொடங்கிய விவரம், விசாரணைக்கு ஊறு இல்லாத நேரத்தில், சம்பந்தப்பட்டவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும். அதுவரைக்கும், புதிய சட்டமோ கூடுதல் நிதியோ தேவைப்படாத ஒரு வேலையை மாவட்டக் கண்காணிப்பாளர்கள் உடனே செய்யலாம். வரும் ஜனவரியில் நீட்டிப்புக்கு வரும் பட்டியலில், நிலுவை வழக்கும் இல்லாத, தண்டனையும் பெறாத பெயர்களைத் தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தம் கையால் எழுதிக் கையொப்பமிடட்டும்; காரணம் எழுத முடியாத பெயர்களை மனு எதற்கும் காத்திராமல் நீக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.