தினமும் ஓடும் காருக்குப் பந்தயக் கூலிங் செட்டிங்: முறைப்பாடு

அனுப்புநர்: வாடிக்கையாளர், கல்லடி, மட்டக்களப்பு.
பெறுநர்: முகாமையாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
திகதி: 14.07.2025

விடயம்: டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி (4ஈ-எஃப்டிஈ, 1.3 லீற்றர் டர்போ) காரின் கூலிங் கிட், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங்

ஐயா / அம்மணி,

கடந்த மே மாதம் தங்கள் மட்டக்களப்பு வேலைத்தளத்தில் மேற்படி காருக்கு 1.0 பார் பூஸ்டில் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) டியூனிங் செய்து, கூடவே கூலிங் கிட் ஒன்றும் பொருத்தித் தந்தீர்கள். பற்றுச்சீட்டின்படி 68 பாகை செல்சியஸ் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), 1.3 பார் ரேடியேட்டர் மூடி, 12 அங்குல மெல்லிய ஃபேன் ஒன்று. ஃபேன் 74 பாகையில் ஓடத் தொடங்கி 70இல் நிற்குமாறு ஈசியூவில் அமைத்திருக்கிறீர்கள். இது ஏசி போட்டுத் தினமும் கல்முனைக்குப் போய்வரும் கார் என்பது தங்கள் வேலைப் படிவத்திலேயே இருக்கிறது.

தொலைபேசியில் கேட்டதற்கு, "எஞ்சின் குளிராக ஓடினால் நல்லதுதானே" என்று பதில் வந்தது. நல்லதல்ல என்பதோடு, இந்தக் கார் தேவையான இடத்தில் குளிராக ஓடவும் இல்லை.

ஈசியூ பதிவைப் பாருங்கள். ஆரையம்பதி தாண்டி 60 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடும்போது கூலன்ட் 70 முதல் 72 பாகை. மாலை நேரத்தில் காத்தான்குடி நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால் 101. தெர்மோஸ்டாட் கீழெல்லையை மட்டுமே தீர்மானிக்கிறது. குறித்த பாகையில் திறக்கத் தொடங்கி, ஏறத்தாழ 10 முதல் 13 பாகை கூடியதும் முழுதாகத் திறந்துவிடும். அதற்குமேல் சூட்டை இறக்குவது ரேடியேட்டரும் அதனூடாகப் போகும் காற்றும்தான். தொடர்ந்து முழு வேகத்தில் ஓடும் பந்தயக் காருக்குக் குறைந்த பாகை தெர்மோஸ்டாட் சூடு ஏறும் முன் சிறிது அவகாசம் தரலாம். கச்சான் வீசும் இந்த மாதங்களில் நெரிசலில் நிற்கும் காருக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

வெற்று வீதியில் 70 பாகையில் ஓடுவதன் கேடு வேறு. லாம்ப்டா திருத்தம் (புகையிலுள்ள ஒட்சிசனை அளந்து பெற்றோலைச் சரிசெய்வது) 75 பாகைக்கு மேல்தான் வேலை செய்யும் என்று தங்கள் டியூனிங் அறிக்கையே சொல்கிறது. ஆகவே கார் வீதியில் சீராக ஓடும் நேரமெல்லாம் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றே ஈசியூ நினைக்கிறது. காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீற்றர் 14.7ஐ ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் 13.6 காட்டுகிறது. கூடுதலாகப் போகும் பெற்றோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு எண்ணெய்க்குள் இறங்குகிறது. எண்ணெயும் 90 பாகையைத் தொடாததால் அந்தப் பெற்றோலும் ஈரமும் ஆவியாகி வெளியேறுவதில்லை. எண்ணெய் மூடியின் உட்புறம் பால்நிறப் பசை ஒட்டியிருக்கிறது. கூலன்ட் குறையவில்லை, அழுத்தச் சோதனையிலும் கசிவில்லை. எனவே ஹெட் காஸ்கெட் கசிந்து கூலன்ட் எண்ணெயில் கலந்தது என்று கைகாட்டி இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஃபேன் விடயம் இதைவிட மோசம். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் முன்பே ஃபேன் ஓடச் சொன்னால் அது எப்போது நிற்கும்? காற்று தானாகவே வந்து மோதும் வேகத்திலும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய ஷ்ரவுட்டை (ரேடியேட்டர் முழுவதினூடாகவும் காற்றை ஃபேனுக்கு வழிநடத்தும் கூடு) கழற்றிவிட்டு ஃபேனை ரேடியேட்டரோடு ஒட்டிப் பூட்டியிருப்பதால், அந்த 12 அங்குல வட்டத்துக்கு வெளியே உள்ள பகுதியினூடாகக் காற்று இழுபடுவதில்லை. இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் கருவி) குழாய்க்காக எஞ்சினின் அடித்தகட்டையும் எடுத்துவிட்டீர்கள். பொனட்டுக்குள் இருக்கும் சூட்டுக்காற்றே கீழால் சுற்றி மீண்டும் முன்னுக்கு வருகிறது. 101 பாகைக்குக் காரணம் இவை இரண்டுமே. நாள் முழுக்க மின்னோட்டம் போனதில் ஃபேன் ரிலேயின் சொக்கட், ஃபேனுக்கு மின் போகும் 87ஆம் பின் பக்கம் மஞ்சளாகி உருகி, வயரின் உறை இரண்டு அங்குலம் கறுத்திருக்கிறது. அந்த மெல்லிய வயர் இந்த வேலைக்கு உரியதே அல்ல.

இன்னொன்று தங்கள் கண்ணில் படாமல் இருக்கலாம். ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும் என்ற இணைப்பு புதிய வயரிங்கில் இல்லை. ஃபேன் ஓயாமல் ஓடுவதால் இப்போது அது தெரியவில்லை. ஃபேன் பாகையை மட்டும் கூட்டிவிட்டால் நிற்கும் காரில் ஏசி அழுத்தம் ஏறி கொம்ப்ரசர் வெட்டும். கம்பனி வயரிங்கில் ஃபேன் சுவிட்சின் பிளக் கழன்றால் ஃபேன் ஓடும். தங்கள் வயரிங்கில் கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சரின் பிளக்கைக் கழற்றினால் ஃபேன் நின்றுவிடுகிறது. சென்சர் பழுதானால் எஞ்சின் வேகும்.

1.3 பார் மூடியும் எதையும் குளிர்விக்காது. 0.9 பாரில் வெறும் நீர் ஏறத்தாழ 119 பாகையில் கொதிக்கும், 1.3 பாரில் 125. அந்த ஆறு பாகைக்காகப் பழைய ஹீட்டர் கோரையும் (காரின் உள்ளே சூடு தரும் சிறு ரேடியேட்டர்) ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியையும் சோதிக்கத் தேவையில்லை. மூடியின் கழுத்தில் வெள்ளைப் படிவம் இருக்கிறது. வாவிக்கரைக் கிணற்று நீரைக் கலந்தீர்களோ என்ற ஐயத்துக்கு எழுத்தில் பதில் வேண்டும். உப்புநீர் அலுமினியத்தை அரிக்கும்.

செய்து தர வேண்டியவை, எல்லாம் ஒரே தடவையில்: 82 பாகை தெர்மோஸ்டாட், 0.9 பார் மூடி. ஃபேன் 93இல் ஓடி 88இல் நிற்க வேண்டும், ஏசி போட்டதும் ஓட வேண்டும், சென்சர் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். 105 பாகையைத் தாண்டினால் ஈசியூ பூஸ்டைக் குறைக்க வேண்டும். ரேடியேட்டர் முழுவதையும் மூடும் ஷ்ரவுட், ஓரங்களில் ஃபோம், அடித்தகடு. ஃபேனுக்குத் தடித்த வயர், புதிய ரிலே சொக்கட், பொருத்தமான ஃபியூஸ். எஞ்சினை நன்றாகக் கழுவி, 30 வீதம் கூலன்ட், 70 வீதம் காய்ச்சி வடித்த நீர். உறைபனி இல்லாத ஊரில் பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. எண்ணெயும் ஃபில்டரும் தங்கள் செலவில் மாற்றப்பட வேண்டும். ஈசியூ மெப்பின் (டியூனிங் அளவுகள் அடங்கிய கோப்பு) கடவுச்சொல்லும் வேண்டும். பணம் கொடுத்த மெப்பை வாடிக்கையாளர் திறந்துகூடப் பார்க்க முடியாது என்பது எந்த ஊர் நியாயம்?

பற்றுச்சீட்டு, வேலைப் படிவம், ஈசியூ பதிவு, ரிலேயின் படங்கள் ஆகியவற்றின் பிரதிகள் இத்துடன் உள்ளன. 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் இல்லையெனில், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சேவை வழங்கிய 3 மாத காலம் முடிவதற்கு முன்பே அதிகாரசபையில் முறைப்பாடு பதிவு செய்யப்படும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்