பரணில் கிடப்பதைப் போகியில் கொளுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போகிக்குப் பழையதைக் கழிப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் ஏன் கொளுத்த வேண்டும்? 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து மூடி, விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

சமீபத்தில் உறவினர் வீட்டுப் பரணை ஒழிக்கக் கூட இருந்தேன். பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணங்கள், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத ஹாட்பாக்ஸ்கள், அப்புறம் மடிப்பிலேயே இற்றுப்போன இரண்டு பட்டுப்புடவைகள். பாத்திரங்களை எடைக்குப் போடலாம், புடவைகளை என்ன செய்வது? நல்ல நிலையில் இருந்தபோதே கொடுத்திருந்தால் யாராவது ஆசையாகக் கட்டியிருப்பார்கள்.

திருநெல்வேலியில் 2017-இல் மாவட்ட நிர்வாகம் ‘அன்புச்சுவர்’ அமைத்தது: வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், தேவைப்படுபவர் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கையேந்த வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. இப்படி ஒன்றை உள்ளாட்சிகள் வார்டுதோறும், போகிக்கு மட்டும் இல்லாமல் வருடம் முழுக்க நடத்த வேண்டும். கிழிந்ததையும் அழுக்கையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டாமல், துவைத்து மடித்து வைக்க வேண்டியது நம் பொறுப்பு. விசேஷம் நடத்துபவர்களும் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னொரு கிண்ணம் யாருக்கும் வேண்டாம்.

– வாசகி, தாம்பரம்