நீஸ் கடற்கரை எல்லோருக்கும் உரியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகரைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால், அது கோடீஸ்வரர்களின் ஊர் என்றும், நம்மைப் போன்றவர்கள் எட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்றும் பொருள்படக் கட்டுரையை முடித்திருந்தது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு மணி நேர ரயில் தொலைவில் பல ஆண்டுகளாக வாழ்பவள் என்ற முறையிலும், கடந்த ஜூன் மாதத்தில் தோழியரோடு ஒரு முழு நாளை அங்கே கழித்தவள் என்ற முறையிலும், அந்த முடிவு சரியன்று என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியைச் சேர்ந்தவள். என் கணவர் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றியவர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் குடும்பம். ஃபிரேஜுஸ் நகரில் குடியிருக்கிறோம். அன்று சென்றவர்கள் நால்வர்: நான், காரைக்காலைச் சேர்ந்த ஒரு தோழி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய ஓர் அக்கா, அந்த அக்காவின் மகள். எங்களில் எவரும் வசதி படைத்தவர் இல்லை. கையில் புளிச்சோறும் தண்ணீர்ப் புட்டிகளும் எடுத்துக்கொண்டு காலை ரயிலில் ஏறினோம். வலப்புறச் சன்னலோரத்தில் இடம் பிடிப்பது முக்கியம். எஸ்தெரெல் மலையின் செக்கச் சிவந்த பாறைகள் நீலக்கடலுக்குள் இறங்கி நிற்பதை அந்தப் பக்கத்திலிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும். எத்தனை முறை போனாலும் அந்த இடம் வரும்போது பெட்டியில் பேச்சு நின்றுவிடும்.

நீஸ் நிலையத்தில் இறங்கி நேராக நடந்தால், செந்நிறக் கட்டடங்களும் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையும் கொண்ட மசேனா சதுக்கம் வருகிறது. அதைக் கடந்தால் கடல். கடலை ஒட்டி, தேவதைகள் விரிகுடாவின் வளைவைத் தொடர்ந்து, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்வதுதான் ‘புரோம்னாத் தேசாங்கிலே’ என்னும் ஆங்கிலேயர் உலாச்சாலை. கட்டுரையாளர் இதைச் செல்வந்தர்கள் தமக்காகப் போட்டுக்கொண்ட சாலை என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அதற்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்து தங்கிய ஆங்கிலேயர்கள் தாங்கள் உலாவுவதற்கு ஒரு வழி வேண்டும் என்று விரும்பியது உண்மைதான். ஆனால், 1820களின் தொடக்கத்தில் கடுங்குளிரால் பயிர் கருகி, வேலையற்ற ஏழைகள் நகரில் வந்து குவிந்தபோது, லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் நிதி திரட்டி அவர்களுக்குக் கூலி கொடுத்து அமைத்த ஒற்றையடிப் பாதையே இன்றைய அகன்ற சாலையின் தொடக்கம். அப்போது அந்த ஊர் பிரான்சிலேயே இல்லை. சார்தீனிய அரசின் கீழ் இருந்து, 1860இல்தான் பிரான்சுடன் இணைந்தது. ‘குளிர்கால உல்லாச நகரம்’ என்ற சிறப்புக்காக 2021இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பஞ்சகாலத்தில் மண் சுமந்த அந்தக் கைகளையும் சேர்த்தே பெருமைப்படுத்தியது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சாலை நெடுகிலும் கடலைப் பார்த்தபடி நீல நாற்காலிகள் கிடக்கின்றன. ஒரு காலத்தில் அவற்றில் உட்காரக் கட்டணம் வசூலித்தார்கள். இன்று யாரும் காசு கேட்பதில்லை. எங்களுக்கு அருகில் ஒரு முதியவர் செய்தித்தாள் விரித்திருந்தார். அடுத்து, பணிச்சீருடையோடு ஒரு பெண், காலணியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பின்னால், 1913இல் திறக்கப்பட்ட நெக்ரெஸ்கோ விடுதியின் இளஞ்சிவப்புக் குவிமாடம் தெரிந்தது. அந்த விடுதியில் ஓர் இரவு தங்குவதை எங்களால் எண்ணிப் பார்க்கவும் முடியாது. ஆனால், அதன் சன்னலிலிருந்து தெரியும் அதே கடலைத்தான் நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். சாம்பல் நிறத்தில், தட்டையாக, உள்ளங்கை அளவில் வழவழவென்று இருக்கும். அலை பின்வாங்கும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உருண்டு, உலையில் அரிசி களைந்து போடுவது போல ஓர் ஒலி எழும். அந்த அக்கா ஒரு கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “வெயில்ல கிடந்தும் குளிர்ச்சியாக் கிடக்கு” என்றார். ஈரத்திலிருந்து அப்போதுதான் எடுத்த கல் அது. கரையில் சில பகுதிகள் கட்டணக் கடற்கரைகளாகக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன. வண்ணக் குடைகளும் மெத்தைக் கட்டில்களும் போட்டிருப்பார்கள். தங்கள் கட்டுரையின் படங்கள் எல்லாம் அங்கே எடுக்கப்பட்டவை. அவற்றுக்கு இடையிடையே, எந்தக் கட்டணமும் இல்லாத பொதுக் கடற்கரைகளும் உண்டு. துண்டை விரித்து உட்கார வேண்டியதுதான்.

நாங்கள் ஒரு பொதுக் கடற்கரையிலிருந்து இன்னொன்றுக்கு நீரோரமாகவே நடந்தபோது, இடையிலிருந்த கட்டணக் கடற்கரையின் பணியாளர் ஒருவர் எங்களை மறித்து, மேலே ஏறிச் சாலை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார். எங்கள் உடையைப் பார்த்தாரோ, கையிலிருந்த சோற்றுப் பையைப் பார்த்தாரோ தெரியாது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. திரும்பிவிடலாம் என்றே சொன்னேன். அக்காவின் மகள் இங்கேயே படித்து வளர்ந்தவள். அவள் குரலை உயர்த்தாமல், நீரோரத்தில் நடந்து செல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்று சட்டத்தைச் சுட்டிச் சொன்னாள். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டார். வீடு திரும்பியதும் அந்தச் சட்டத்தை நானே தேடிப் படித்தேன். 1986ஆம் ஆண்டின் கடலோரச் சட்டம், பொதுமக்கள் தடையின்றியும் கட்டணமின்றியும் பயன்படுத்துவதற்கே கடற்கரை முதன்மையாக உரியது என்று கூறுகிறது. 2006இல் வந்த ஆணையின்படி, இயற்கையான கடற்கரையைக் குத்தகைக்கு விட்டாலும் அதன் நீளத்திலும் பரப்பிலும் 80 விழுக்காடு கட்டுமானம் ஏதுமின்றி இருக்க வேண்டும். நீரோரமாக மக்கள் நடமாட வழியும் விட வேண்டும். தங்கள் வாசகர் ஒருவர் நாளை அங்கே சென்று இப்படி மறிக்கப்பட்டால், கட்டுரையாளரின் சொற்களை நம்பி அவர் தலைகுனிந்து திரும்பிவிடக் கூடாது. இந்தக் கடிதம் எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பழைய நகரின் கூர் சலேயா சந்தையில் ‘சொக்கா’ தின்றோம். கொண்டைக்கடலை மாவை நீரில் கரைத்து, உப்பும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து, வண்டிச் சக்கரம் போன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் வேகவைக்கும் பண்டம். ஓரம் கருகி மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருக்கும். கரண்டியால் சுரண்டித் தாளில் போட்டு, மேலே மிளகுத்தூள் தூவிக் கொடுக்கிறார்கள். கையால்தான் தின்ன வேண்டும். இது இந்த ஊர் உழைப்பாளிகளின் காலை உணவாக இருந்த ஏழை வீட்டுப் பண்டம். அதே சந்தையின் கிழக்கு முனையில் நிற்கும் மஞ்சள் நிற வீட்டில்தான் ஓவியர் மத்தீஸ் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1917இல் இந்த ஊருக்கு வந்தவர், 1954இல் இங்கேயே மறைந்தார். அந்த வீட்டைப் பார்ப்பதற்கும் காசு இல்லை.

நண்பகலில் கோட்டைக் குன்றின் மேல் இருந்தோம். கோட்டை இப்போது இல்லை. பதினான்காம் லூயி மன்னர் 1706இல் இடித்துத் தள்ளிவிட்டார். நாள்தோறும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒரு வெடி முழங்குகிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தும் நால்வரும் திடுக்கிட்டோம். மரநிழலில் அமர்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். கீழே ஒருபுறம் துறைமுகத்தில் பெரும் படகுகள், மறுபுறம் விரிகுடாவின் முழு வளைவு.

மாலையில், விரிகுடாவின் தேவதை என்னும் நினைவுச்சிலையின் முன் நின்றோம். 2016 ஜூலை 14 அன்று இரவு, தேசிய நாளின் வாணவேடிக்கையைப் பார்க்க இந்தச் சாலையில் கூடியிருந்த மக்கள் மீது ஒருவன் சரக்குந்தை ஓட்டி 86 பேரைக் கொன்றான். அந்த 86 பெயர்களும் சிலையின் அடியில் உள்ளன. பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். பல நாடுகளின், பல சமயங்களின் பெயர்கள். குழந்தைகளோடு வந்து, காசில்லாமல் வானத்தைப் பார்த்து நின்றவர்கள் அவர்கள். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

நீஸ் விலை மலிந்த ஊர் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் வெளியூர்களிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வருவோரை எங்கள் காலை ரயிலிலேயே பார்த்தோம். இருந்தாலும், உலாச்சாலையும் கரையும் குன்றும் அவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு வாகனங்களை நிறுத்திவிட்டு, கடலைப் பார்த்தபடி ஊரே நடந்து திரியும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வளர்ந்தவளுக்கு இதன் அருமை தெரியும். துறைமுகத் தடுப்புச் சுவரால் எங்கள் கரை மணலை இழந்து, பாறைகளைக் கொட்ட நேர்ந்ததையும் பார்த்தவள் நான். நீஸிலும் அலை கரைத்துச் செல்லும் கற்களுக்கு ஈடாக வேறு கற்களைக் கொண்டுவந்து கொட்டித்தான் அந்தக் கரையைக் காத்து வருகிறார்கள்.

தொடரின் அடுத்த பகுதி மொனாக்கோவைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். நீஸிலிருந்து அரைமணி நேரத்துக்குள் அங்கே சேர்த்துவிடும் சாதாரண ரயிலைப் பற்றியும், இடையில் ஃபெர்ரா முனையைச் சுற்றி மாளிகைகளின் மதில்களுக்கும் கடலுக்கும் நடுவே எவரும் நடந்து செல்லக்கூடிய கடலோரப் பாதையைப் பற்றியும் அதில் எழுதச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடவே, நீஸின் பொதுக் கடற்கரைகளுக்குக் கட்டணம் இல்லை என்பதை ஒரு சிறு திருத்தமாகவேனும் வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஃபிரேஜுஸ், பிரான்ஸ்